ஃப்ளாக் யாருடைய வாரிசு? ஸையனா, லேட்னரா, கிராண்ட் ஹில்லா?

மூன்றுபுள்ளி
ஜனவரி 12, 2025

நேற்று நோட்டர் டேமுக்கு எதிராக டூக் பல்கலைக்கழகம் ஆடிய கூடைப்பந்து ஆட்டத்தைப் பார்த்துவிட்டுப் படுத்தவன் தூங்கவே இல்லை. டூக்கின் கூப்பர் ஃப்ளாக் 42 புள்ளி! 14 தடவை எறிந்து 11 உள்ளே. த்ரீ (தூரத்திலிருந்து எறியும் மூன்று புள்ளி) மட்டும் 6க்கு 4. ஃபவுலுக்குக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோ 17க்கு 16. அதற்கு மேல் 7 அசிஸ்ட் (கூட்டாளி கூடை போட வைத்த பாஸ்), 6 ரீபவுண்ட் (தவறிய பந்தைப் பிடித்தது). பையனுக்கு 18 வயது முடிந்து மூன்று வாரம்தான் ஆகிறது. டூக்கில் முதலாண்டு ஆடிய எவரும் ஒரே ஆட்டத்தில் இவ்வளவு போட்டதில்லை. டூக் ஆடும் ஏசிசி லீக் முழுவதையும் எடுத்துக்கொண்டாலும் முதலாண்டுக்காரர்களில் பழைய சாதனை 41தான், 2013இல் பாஸ்டன் காலேஜின் ஒலிவியே ஹான்லன் போட்டது.

டூக்கை நான் ஸையன் வில்லியம்சன் காலத்திலிருந்துதான் பார்க்கிறேன். அதற்கு முன்னால் ஆடியவர்களைத் துண்டு வீடியோக்களில் மட்டும் பார்த்திருக்கிறேன். கூப்பர் ஃப்ளாக்கை யாரோடு ஒப்பிடுவது என்று பழைய ஆட்கள் சொல்லுங்கள். எனக்கு ஸையன்தான் நினைவுக்கு வருகிறார். போன வாரம் பிட்ஸ்பர்க் ஆட்டத்தில் அந்த உயரமான ஆளின் தலைக்கு மேல் ஒரு டங்க் (பந்தை வளையத்துக்குள் அமுக்குவது) போட்டானே, அப்போது 2019தான் கண்முன் வந்தது.

நீலப்பேய்
ஜனவரி 12, 2025

ஸையன் ஒருவர்தான், தம்பி. ஃப்ளாக்கைக் குறைத்துச் சொல்லவில்லை, எனக்கும் அவனை ரொம்பப் பிடிக்கும். ஆனால் ஸையன் அந்த ஒரு சீசனில் ஆட்டத்துக்கு 22.6 புள்ளி எடுத்தார், எறிந்ததில் 68 சதவீதம் உள்ளே போனது. 130 கிலோ இருந்த ஆள். வர்ஜீனியா ஆட்டத்தில் மூலையிலிருந்து டிஆண்ட்ரே ஹண்டர் த்ரீ எறிந்தபோது எங்கிருந்தோ பறந்து வந்து அதை அரங்கத்தின் வரிசைகளுக்குள் தட்டிவிட்டார். அந்த எடையில் அந்த உயரத்துக்கு எழும்பிய இன்னொருவரை நான் பார்த்ததே இல்லை.

அப்புறம் அந்த ஷூ. 2019 பிப்ரவரி 20, பரம எதிரி நார்த் கரோலினாவோடு ஆட்டம், ஒபாமா நேரில் வந்து உட்கார்ந்திருக்கிறார். ஆரம்பித்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, ஷூ பிளந்து முழங்கால் திருகிக் கீழே விழுந்தார். அன்றைக்கு நாங்கள் நாலு பேர் ஒரே அறையில் பார்த்துக்கொண்டிருந்தோம். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்பி வந்த முதல் ஆட்டத்தில் 13க்கு 13 போட்டார். அவர் கிளம்பி ஆறு வருடம் ஆகப்போகிறது, இன்னும் அந்த ஆட்டங்களைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறேன்.

பிடி_வாத்தியார்
ஜனவரி 13, 2025

நான் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுக்கிறவன், அந்தக் கண்ணோட்டத்தில் ஒரு விஷயம் சொல்கிறேன். 42 புள்ளியைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். பந்து மறுபக்கத்தில் இருக்கும்போது ஃப்ளாக் எங்கே நிற்கிறான், எப்படி நிற்கிறான் என்று மட்டும் பத்து நிமிடம் பாருங்கள். உடம்பு பாதி திரும்பியிருக்கும். ஒரு கை தன் ஆளைக் காட்டிக்கொண்டிருக்கும், இன்னொரு கை பந்தைக் காட்டிக்கொண்டிருக்கும். முழங்கால் மடங்கியே இருக்கும். எதிராளி உள்ளே நுழைந்தால் முதல் அடி வைத்துவிட்டு, எழும்பாமல் காத்திருப்பான். எதிராளியின் கையிலிருந்து பந்து விடுபட்ட பிறகுதான் எழும்புகிறான். 18 வயதில் எல்லாரும் முந்திக் குதித்து ஃபவுல் வாங்குவார்கள். இவனுக்கு அந்தப் பொறுமை இருக்கிறது.

என் பிள்ளைகளுக்கு இதைத்தான் கைபேசியில் போட்டுக் காட்டுகிறேன். டங்க்கைக் காட்டினால் அவர்களால் செய்ய முடியாது. இப்படி நிற்பதை யார் வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம்.

ஸையனின் ஆட்டம் உடம்பிலிருந்து வந்தது. இவனுடைய ஆட்டம் கவனத்திலிருந்து வருகிறது. டூக்கில் இதற்கு முன்னால் அப்படி ஆடியது யார் என்று கேட்டால் நான் ஷேன் பேட்டியே என்று சொல்வேன்.

கேரிவாசி
ஜனவரி 14, 2025

வாத்தியார் சொன்னது சரி. ஆனால் பேட்டியேவையும் தாண்டி இன்னும் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நான் 1992இல் படிப்பதற்காக டூக்குக்குப் பக்கத்து ஊரான ராலேக்கு வந்தேன். கூடைப்பந்து பற்றி ஒன்றும் தெரியாது. வந்த ஊரில் வீட்டுக்கு வீடு, கடைக்குக் கடை இதே பேச்சு. கூட இருந்தவர்கள் டிவி முன்னால் உட்கார வைத்து விதிகளைச் சொல்லிக்கொடுத்தார்கள். அப்போது டூக்கில் 33ஆம் எண் போட்டு ஆடிக்கொண்டிருந்தவர் கிராண்ட் ஹில். விளையாட்டே புரியாத எனக்கு அந்த ஆளை மட்டும் புரிந்தது. அவர் ஓடினால் அவசரம் தெரியாது. மற்றவர்கள் ஓடுவதும் அவர் நடப்பதும் ஒரே வேகம் போலத் தோன்றும்.

1994, அவருடைய கடைசி சீசன். ஆட்டத்துக்கு 17.4 புள்ளி, 6.9 ரீபவுண்ட், 5.2 அசிஸ்ட். உயரமான ஆள், ஆனால் பந்தைக் கொண்டுவருவதும் அவர்தான், எதிரணியின் சிறந்த ஆளைக் காவல் காப்பதும் அவர்தான். பர்டூவின் க்ளென் ராபின்ஸன் அந்த வருடம் நாட்டிலேயே பெரிய ஆட்டக்காரர். கான்சஸை எதிர்த்து 44 போட்டுவிட்டு வந்தார். அடுத்த ஆட்டம் டூக்கோடு. ஹில்லும் டோனி லேங்கும் மாறி மாறிப் பிடித்து அவரை 13இல் நிறுத்தினார்கள். டூக் ஜெயித்து ஃபைனல் ஃபோர் (தேசியப் போட்டியின் கடைசி நாலு அணிகள்) போனது.

ஃப்ளாக்கைப் பார்க்கும்போது எனக்கு அந்த 94 ஹில்தான் தெரிகிறார். எண்களைச் சொல்லவில்லை, பந்து கையில் வந்ததும் தலை நிமிர்வதைச் சொல்கிறேன். முதலில் வளையத்தைப் பார்க்க மாட்டான். கூட்டாளிகள் எங்கே என்று பார்த்துவிட்டுத்தான் வளையத்துக்கு வருவான். நோட்டர் டேம் ஆட்டத்தில் 42 போட்ட அன்றைக்கும் 7 அசிஸ்ட் என்பதை மூன்றுபுள்ளியே எழுதியிருக்கிறார். ஆனால் எல்லாரும் 42ஐத்தான் பேசுகிறோம்.

மூன்றுபுள்ளி
ஜனவரி 14, 2025

அண்ணா, ஹில்லின் ஆட்டத்தைத் தேடி இப்போதுதான் பார்த்தேன். 1991 இறுதியில் கான்சஸுக்கு எதிராக டூக் கூட்டாளி ஹர்லி தூக்கிப் போட்ட பந்தை ஒற்றைக் கையால் பின்னாலிருந்து இழுத்து டங்க் செய்கிறாரே, நம்பவே முடியவில்லை. முதலாண்டில்!

ஆனால் ஒரு கேள்வி. ஹில் நாலு வருடம் ஆடினார். அவருடைய நாலாம் வருடத்தை இவனுடைய முதல் வருடத்தோடு ஒப்பிடுவது நியாயமா?

கேரிவாசி
ஜனவரி 15, 2025

நியாயமில்லைதான் தம்பி. ஆனால் பையன் அந்த இடத்தில் நிற்கிறான், நான் என்ன செய்ய!

கரோலினாக்காரி
பிப்ரவரி 2, 2025

எதிர்க்கட்சியிலிருந்து ஒரு குரல். நான் சேப்பல் ஹில்லில் (நார்த் கரோலினா பல்கலைக்கழகம்) படித்தவள், நேற்று 87க்கு 70 என்று உங்களிடம் தோற்ற வலி இன்னும் இருக்கிறது. இருந்தும் சொல்கிறேன், ஃப்ளாக் அருமையான ஆட்டக்காரன்.

ஆனால் டூக்கின் அன்புக்குரியவர்கள் வரிசையில் அவனை வைப்பதற்கு முன்னால் கொஞ்சம் யோசியுங்கள். எங்களுக்கு டைலர் ஹான்ஸ்ப்ரோ இருந்தார். நாலு வருடம். உங்கள் ஜே.ஜே. ரெடிக் 2,769 புள்ளியோடு ஏசிசி சாதனை வைத்திருந்தார், அதை ஹான்ஸ்ப்ரோ 2009இல் தாண்டினார், அதே வருடம் தேசியக் கோப்பையையும் வாங்கிக்கொடுத்தார். முதல் வருடத்தில் பார்த்த பையன் எங்கள் கண்முன்னால் ஆள் ஆனார். ரெடிக்கும் அப்படித்தானே? நாலு வருடமும் எங்கள் அரங்கத்துக்கு வந்து திட்டு வாங்கிக்கொண்டே த்ரீ போட்டார். தேசியக் கோப்பை ஒன்றுகூட வாங்கவில்லை. ஆனால் டூக் ஆட்கள் அவரை மறப்பார்களா? ஐந்து மாதத்தில் வந்து போகிறவன் மேல் அந்த ஒட்டுதல் வருமா என்பதுதான் என் கேள்வி.

நீலப்பேய்
பிப்ரவரி 2, 2025

வரும் அக்கா. ஸையன் 33 ஆட்டம்தான் ஆடினார். நான் மேலே எழுதியதைப் படித்துப் பாருங்கள்.

கரோலினாக்காரி
பிப்ரவரி 3, 2025

படித்தேன் தம்பி. நீங்கள் எழுதியதில் பாதி அவருடைய காயத்தைப் பற்றி இருக்கிறது. ஒருவேளை ஒட்டுதல் வருவது அங்கேதானோ என்னவோ. ஜெயித்ததைவிட விழுந்ததுதான் நினைவில் இருக்கிறது உங்களுக்கு.

பிடி_வாத்தியார்
மார்ச் 14, 2025

பையனுக்குக் கணுக்கால் மடங்கிவிட்டது. ஜார்ஜியா டெக் ஆட்டம், ரீபவுண்டுக்கு எழும்பிக் கீழே வரும்போது இடது கால் பிசகியது. சக்கர நாற்காலியில் கொண்டுபோனதைப் பார்த்ததும் எனக்கு உள்ளே என்னவோ செய்தது. யாருக்காவது மேற்கொண்டு செய்தி தெரிந்தால் போடுங்கள்.

கேரிவாசி
மார்ச் 17, 2025

இரண்டு ஆட்டம் உட்கார வைத்தார்கள். அவன் இல்லாமலே ஏசிசி போட்டியின் அரையிறுதியில் கரோலினாவை 74க்கு 71, இறுதியில் லூயிவில்லை 73க்கு 62 என்று ஜெயித்துவிட்டார்கள். கான் நப்பல் முன்னால் நின்று இழுத்துக்கொண்டு போனான். மார்ச்சில் நடக்கும் தேசியப் போட்டிக்கு ஃப்ளாக் வந்துவிடுவான் என்கிறார்கள்.

மூன்றுபுள்ளி
மார்ச் 28, 2025

அரிசோனாவை ஜெயித்தோம்! 30 புள்ளி, 7 அசிஸ்ட், 6 ரீபவுண்ட், 3 பிளாக் (எறிந்த பந்தைத் தடுத்தது). முதல் பாதி முடியும் மணியோடு சேர்ந்து தூரத்திலிருந்து ஒரு த்ரீ. கேரி அண்ணா, நீங்கள் சொன்னது இன்றைக்குப் புரிந்தது. கடைசிக் கட்டத்தில் இரண்டு பேர் அவன்மேல் வந்த ஒவ்வொரு தடவையும் பந்து வேறொருவன் கையில் இருந்தது. ஸையன் என்ற என் கட்சியை இன்றோடு விட்டுவிடுகிறேன். இவன் ஹில்தான்.

மூன்றுபுள்ளி
ஏப்ரல் 6, 2025

எழுத மனசே இல்லை. ஞாயிறு காலை ஆறே காலுக்கு உட்கார்ந்தேன். எட்டு நிமிடம் இருக்கும்போது 14 புள்ளி முன்னால். எழுந்து போய்க் காபி போட்டுக்கொண்டு வந்தேன், அவ்வளவு நிம்மதி. அரை நிமிடம் இருக்கும்போதுகூட 6 முன்னால். 70க்கு 67 என்று அரையிறுதியில் ஹூஸ்டனிடம் தோற்றோம்.

கடைசி எறிதல் அவனுடையது. ஒரு புள்ளி பின்னால், எட்டு வினாடி. 27 புள்ளி எடுத்தவன், அதையும் போட்டிருந்தால்...

இனிமேல் அவனை யாரோடு ஒப்பிடுவது?

நீலப்பேய்
ஏப்ரல் 6, 2025

ஸையனும் மிஷிகன் ஸ்டேட்டிடம் 68க்கு 67 என்று ஒரே புள்ளியில் போனவர்தான். எனக்கு இது இரண்டாவது தடவை. ஹூஸ்டனின் ராபர்ட்ஸ் ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு வந்த அந்த ஃபவுலைப் பற்றி இங்கே சண்டை வேண்டாம். பார்த்துப் பார்த்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

பிடி_வாத்தியார்
ஏப்ரல் 7, 2025

அந்தக் கடைசி எறிதலை மெதுவாக ஓட்டிப் பத்து தடவை பார்த்தேன். பிள்ளைகளுக்கும் காட்டினேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அவசரப்படவில்லை. உள்ளே போகிறான், ராபர்ட்ஸ் நெஞ்சோடு நெஞ்சாக நிற்கிறார். முழுக்க உள்ளே போயிருக்கலாம், போனால் உதவிக்கு இன்னொருவன் வருவான். அதனால் பெயிண்டில் (வளையத்துக்கு முன்னால் உள்ள கட்டம்) நிற்கிறான். இரண்டு பாதமும் தரையில் ஊன்றியிருக்கிறது, தோள் வளையத்துக்கு நேராக இருக்கிறது. எழும்புகிறான். ராபர்ட்ஸின் கை முகத்துக்கு நேரே இருந்தாலும் பந்து அதற்கு மேலேதான் போகிறது. முன் வளையத்தில் பட்டுத் திரும்புகிறது.

பக்கவாட்டில் போனால் கையில் தவறு. குட்டையாக விழுந்தால் காலில் வலு இல்லை என்று அர்த்தம். இதை எந்தக் கோச்சும் சொல்வார். அன்று ஆட்டத்தின் பெரும்பகுதி அவன் களத்திலேயே இருந்தான், ஹூஸ்டன் உடம்பால் இடித்து இடித்து ஆடும் டீம், இரண்டு பக்கமும் பாரம் அவன் தோளில். கடைசிப் பத்து நிமிடத்தில் டூக் மொத்தமே ஒரே ஒரு கூடைதான் போட்டது. அந்தக் கால் எவ்வளவுதான் தாங்கும்?

எட்டாவது படிக்கிற ஒரு பெண் கேட்டாள், "சார், அவர் பாஸ் பண்ணியிருக்கலாமே?" நான் சொன்னேன், அது சரியான ஷாட் அம்மா, உள்ளே போகவில்லை, அவ்வளவுதான் என்று. அவள் தலையாட்டிவிட்டுப் போய் அதே இடத்திலிருந்து எறிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் வளையத்தில் வலை கிடையாது, உள்ளே போனால் சத்தமும் வராது. இருட்டும்வரை எறிந்தாள்.

கேரிவாசி
ஏப்ரல் 8, 2025

மூன்றுபுள்ளி தம்பி கேட்ட கேள்விக்கு ("இனிமேல் யாரோடு?") இரண்டு நாள் யோசித்தேன். லேட்னர்.

சிரிக்காதீர்கள். லேட்னர் என்றால் எல்லாருக்கும் 1992 கென்டக்கி ஆட்டம்தான். ஓவர்டைமில் 2.1 வினாடி, ஒரு புள்ளி பின்னால், மைதானத்தின் மறுகோடியிலிருந்து ஹில் எறிந்த பந்தைப் பிடித்து, ஒரு தடவை தரையில் தட்டி, திரும்பிப் போட்டார். 104க்கு 103. அன்றைக்கு எறிந்த பத்தும் உள்ளே, ஃப்ரீ த்ரோ பத்தும் உள்ளே. அதைப் பார்த்துவிட்டு அவர் தவறவே விடாத ஆள் என்று நினைத்துக்கொள்கிறோம்.

நான் வருவதற்கு முன்னால் நடந்தது இது, இங்கே பழைய ஆட்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும், பிறகு டேப் பார்த்தேன். 1989 பிப்ரவரி, அரிசோனாவோடு ஆட்டம். லேட்னர் முதலாண்டு. ஒரு வினாடி பாக்கி, டூக் இரண்டு புள்ளி பின்னால், அவருக்கு ஃப்ரீ த்ரோ. முதலாவது உள்ளே போனால்தான் இரண்டாவது கிடைக்கும். முதலாவதே போகவில்லை. 77க்கு 75, தோல்வி.

அடுத்த வருடம் லாஸ் வேகாஸின் யுஎன்எல்வியிடம் இறுதி ஆட்டத்தில் 30 புள்ளி வித்தியாசத்தில் நசுங்கினார்கள். 1991இல் அதே யுஎன்எல்வி, 45 ஆட்டம் தொடர்ந்து ஜெயித்துவிட்டு வந்து நிற்கிறது. 77க்கு 77. 12.7 வினாடி. ஃப்ரீ த்ரோ கோட்டில் அதே லேட்னர். இரண்டும் உள்ளே.

அக்கா பிப்ரவரியில் கேட்டாரே, ஐந்து மாதத்தில் ஒட்டுதல் வருமா என்று. ஒட்டுதல் வந்துவிட்டது. மூன்று நாளாக எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அதிலேயே தெரிகிறது. எனக்கு வருத்தம் வேறு. 89இல் தவறவிட்ட பையனுக்கு 91 இருந்தது. இந்தப் பையனுக்கு டூக் சட்டையில் அந்த 91 கிடைக்காது. முன் வளையத்தில் பட்டுத் திரும்பிய பந்துதான் அவன் இங்கே எறிந்த கடைசிப் பந்து. அவனைக் குறை சொல்லவில்லை. தொழில்முறை லீக்கான என்பிஏவின் தேர்வில் முதல் இடத்தில் எடுக்கப்படப்போகிறவன், போகத்தான் வேண்டும். நான் அவன் இடத்தில் இருந்தாலும், அவன் அப்பா இடத்தில் இருந்தாலும் அதைத்தான் செய்வேன். ஆனால் நமக்கு அந்த மீதிக் கதை வேண்டியிருந்தது.

கரோலினாக்காரி
ஏப்ரல் 8, 2025

சார், சனிக்கிழமை ராத்திரி என் வீட்டில் எல்லாரும் ஹூஸ்டனுக்குக் கை தட்டினார்கள். நானும்தான். அந்தப் பந்து திரும்பி வந்தபோது மட்டும் என்னால் முடியவில்லை. 1982இல் எங்கள் ஜோர்டனும் முதலாண்டுதான், அவர் எறிந்தது உள்ளே போனது, 63க்கு 62. ஒரு விரற்கடை குட்டையாகப் போயிருந்தால் அவரும் அன்றைக்கு இப்படித்தானே நின்றிருப்பார். ஆனால் அவருக்கும் அதன் பிறகு இரண்டு வருடம் எங்களிடம் இருந்தது. நீங்கள் சொல்வது புரிகிறது.

மூன்றுபுள்ளி
ஏப்ரல் 9, 2025

சீசன் கணக்கைப் பார்த்தேன். ஆட்டத்துக்கு 19.2 புள்ளி, 7.5 ரீபவுண்ட், 4.2 அசிஸ்ட், ஸ்டீலும் (பந்தைப் பறித்தது) பிளாக்கும் தலா 1.4. ஐந்திலுமே டூக்கில் அவன்தான் முதலிடம். டீம் 35 ஜெயித்து 4 தோற்றது. ஏபி செய்தி நிறுவனத்தின் சிறந்த ஆட்டக்காரர் விருதை இதுவரை வாங்கிய முதலாண்டுக்காரர்கள் டுராண்ட், ஆண்டனி டேவிஸ், ஸையன், இவன், நாலே பேர். அவனுடைய 2ஆம் எண் சட்டையை டூக்கின் கேமரன் அரங்கத்தின் மேலே தொங்கவிடுவார்களா?

கேரிவாசி
ஏப்ரல் 9, 2025

மாட்டார்கள் தம்பி. டூக்கின் பழைய கோச் கே காலத்திலிருந்தே படிப்பை முடித்துப் பட்டம் வாங்கியவர்களுக்குத்தான் அந்த மரியாதை. 1999இல் எல்டன் பிராண்ட் நாட்டின் சிறந்த ஆட்டக்காரர், 37 ஜெயித்து 2 தோற்ற டீம், இரண்டு வருடத்தில் கிளம்பிவிட்டார். அவர் எண் மேலே இல்லை. ஸையனுடையதும் இல்லை. மேலே 13 சட்டைகள்தான். எனக்கு இந்த விதி பிடிக்கும். ஃப்ளாக் விஷயத்தில் மட்டும் கஷ்டமாக இருக்கிறது.

நீலப்பேய்
ஜூன் 26, 2025

என்பிஏ தேர்வில் டல்லஸ்! முதல் இடம். 1.8 சதவீத வாய்ப்பை வைத்துக்கொண்டு முதல் தேர்வுக்கான லாட்டரியில் ஜெயித்த டீமுக்குப் போகிறான். நாலாவது இடத்தில் நப்பல், பத்தாவது இடத்தில் மலுவாச். ஒரே டீமிலிருந்து மூன்று பேர் முதல் பத்தில்.

மூன்றுபுள்ளி
ஜூன் 29, 2025

என்ன எண் போடுகிறான் தெரியுமா? டல்லஸில் 2ஆம் எண் டெரிக் லைவ்லியிடம் இருக்கிறது, அவரும் நம்ம டூக்தான். அதனால் ஃப்ளாக்குக்கு 32.

கேரி அண்ணா, இதைப் பார்த்தீர்களா?

கேரிவாசி
ஜூன் 29, 2025

பார்த்தேன் தம்பி. டூக்கில் அந்த எண்ணை அவன் கேட்டிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டார்கள். அது லேட்னருடையது, மேலே தொங்குகிறது. ஒரு சட்டை வாங்கித் தரச் சொல்லி என் பேத்தி கேட்டிருக்கிறாள். 2ஆ, 32ஆ என்று இன்னும் முடிவு செய்யவில்லை.